தேய்மானமும் தீர்மானமும்: அலுவலகக் கணினிகளிற் பணிசெயல் முறைமையை மாற்றுதல் பற்றிய சில சிந்தனைகள்

நமது அலுவலகங்களிலே கணினி புகுந்து ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்டது. தட்டெழுத்துப் பொறியும் ரோணியோவும் இருந்த இடத்தில் இன்று கணினியும் அச்சுப்பொறியும் இருக்கின்றன. ஆயினும் இவ்விருவகைச் சாதனங்களுக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்றுண்டு. தட்டெழுத்துப் பொறி தேய்ந்தாலன்றி அதனை மாற்றவேண்டிய தேவை எழுவதில்லை. முப்பது ஆண்டுகள் உழைத்த பொறிகளை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். கணினியோ தேயாதிருக்கும்போதே பழையதாகிவிடுகின்றது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி, விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழமையான பராமரிப்பு முடிவுற்றது. அன்று மாலைவரை ஒழுங்காக இயங்கிய கணினிகள் மறுநாட் காலையிலும் அவ்வாறே இயங்கின. எனினும் அவற்றை வைத்திருந்த அலுவலகங்களின் முன் ஒரு வினா எழுந்து நின்றது: புதிய முறைமைக்கு மாறுவதா, பழையதிலேயே தொடர்வதா?

இவ்வினா தொழினுட்பவியலாளருக்கு மட்டுமே உரியதென்று பொதுவாகக் கருதப்படுகின்றது. அலுவலகத் தலைவர்கள் அதனை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, கொள்வனவுப் பத்திரத்திற் கையெழுத்திடுவதோடு தமது கடமை முடிந்ததென அமைகின்றனர். பிறிதொரு சாரார், ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று வாளாவிருக்கின்றனர். முன்னவர் நிறுவனத்தின் கால அட்டவணையைத் தமது கால அட்டவணையாக ஏற்கின்றனர். பின்னவர் அசட்டையைச் சிக்கனமெனக் கொள்கின்றனர். இரு நிலைப்பாடுகளிலும் தீர்மானம் என்று கூறத்தக்கது எதுவுமில்லை. இலக்கிய மாணவனொருவன் இதுபற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் எழுத்து எந்தச் சாதனத்திற் பதியப்படுகின்றது, அச்சாதனம் யாருடைய ஆதிக்கத்தில் உள்ளது என்னும் வினாக்கள் இலக்கிய வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் புறம்பானவை அல்ல.

1. பணிசெயல் முறைமையும் பராமரிப்பும்

பணிசெயல் முறைமையை (இயங்குதளம் எனவும் இது வழங்கும்) ஓர் அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞருக்கு ஒப்பிடலாம். எந்தக் கோப்பு எங்கே இருக்கின்றது, எவர் எதனைத் திறக்கலாம், எந்த வேலை முன்னர் எந்த வேலை பின்னர், அச்சுப்பொறிக்கு எதனை அனுப்புவது என்பன யாவும் அதன் பொறுப்பு. கடிதம் எழுதும் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் வன்பொருளோடு நேரே உறவுகொள்வதில்லை. பணிசெயல் முறைமையின் ஊடாகவே உறவுகொள்கின்றன. இதனாலேதான் அதனை மாற்றுவது ஒரு மென்பொருளை மாற்றுவது போன்றதன்று. அடித்தளத்தை மாற்றும்போது மேற்கட்டுமானம் முழுவதும் அசைகின்றது.

ஈண்டு இரு சொற்களை வேறுபடுத்திக்கொள்ளல் நலம். உள்ள முறைமையின் குறைகளை அவ்வப்போது திருத்துவது இற்றைப்படுத்தல். ஒரு முறைமையை விட்டு அதற்கடுத்த முறைமைக்குச் செல்வது மேம்படுத்தல். முன்னது வீட்டுக் கூரையின் உடைந்த ஓட்டை மாற்றுவது. பின்னது வீட்டையே மாற்றுவது. பராமரிப்பு முடிவுற்றது என்பதன் பொருள், இனி உடைந்த ஓட்டை மாற்ற ஆள் வரமாட்டார் என்பதாகும்.

கோடிக்கணக்கான வரிகளைக் கொண்ட மென்பொருளிற் குறைகள் இல்லாதிருத்தல் அரிது. அவற்றிற் சில, அயலார் கணினிக்குள் நுழைவதற்கு வழிசெய்யும். அத்தகைய குறை கண்டுபிடிக்கப்படும்போது நிறுவனம் திருத்தம் வெளியிடுகின்றது. புதிய முறைமைகள் பழையவற்றின் குறிமுறையில் ஒரு பகுதியை வழிவழியாகப் பெற்றுள்ளன. ஆகவே புதியதற்கு வெளியிடப்படும் திருத்தத்தை ஆராய்ந்து, அதே குறை பழையதில் எங்கே உள்ளதென அறிந்துகொள்ள வல்லோர் உளர். புதியதிற் கதவு அடைக்கப்படும்போது, பழையதில் அக்கதவு திறந்திருக்கின்றதென்ற செய்தியும் உடன் பரவிவிடுகின்றது. எனவே பராமரிப்பற்ற முறைமையின் ஆபத்து முதல்நாளிற் சிறிதாக இருந்து நாளடைவில் வளர்கின்றது. மறுநாட் காலையில் எதுவும் நிகழவில்லையென்பதைக் கொண்டு ஆபத்தில்லை என முடிவுசெய்வது தவறு.

இந்நிலைமை புதியதன்று. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி. முறைமையின் பராமரிப்பு 2014 ஏப்பிரலிலும், 2009இல் வெளியான விண்டோஸ் 7இன் பராமரிப்பு 2020 ஜனவரியிலும் முடிவுற்றன. விண்டோஸ் 10 2015 யூலையில் வெளிவந்தது. ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகளுக்கொரு முறை நாம் இச்சந்திக்கு வந்து நிற்கின்றோம். ஒவ்வொரு முறையும் அது எதிர்பாராத விபத்தாக நமக்குத் தோன்றுவதுதான் வியப்பு.

2. மூன்றாவது வகைத் தேய்மானம்

பொறிகளின் தேய்மானம் பற்றிய சிந்தனைக்கு நீண்ட வரலாறுண்டு. 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதலாம் பாகத்திலே, பொறிகளைப் பற்றிய அதிகாரத்தில், மார்க்ஸ் இருவகைத் தேய்மானத்தைக் கூறுகின்றார். ஒன்று பௌதிகத் தேய்மானம். பயன்படுத்துவதாலும், பயன்படுத்தாது துருப்பிடிக்க விடுவதாலும் நேர்வது. மற்றையது, அதேவகைப் பொறி மலிவாக ஆக்கப்படும்போதோ அதனினுஞ் சிறந்த பொறி போட்டிக்கு வரும்போதோ பழைய பொறி தன் பெறுமதியை இழப்பது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஒழுக்கத் தேய்மானம்’ என்றாகிப் பொருள் மயங்கும். ‘பெறுமதித் தேய்மானம்’ என்பது பொருத்தமாகலாம். இத்தேய்மானத்துக்கு முன்பே பொறியின் பெறுமதியை மீட்டுவிட முதலாளி விரைவதும், அவ்விரைவு வேலைநாளின் நீட்சியாகத் தொழிலாளி மீது சுமத்தப்படுவதும் அங்கு விளக்கப்படுகின்றன.

இன்று நம் முன்னுள்ள நிலைமை இவ்விரண்டிலும் முற்றாக அடங்குவதன்று. 2016இல் வாங்கப்பட்ட ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம். அது தேய்ந்து பழுதுபடவில்லை. கடிதம் எழுதுவதற்கும் பதிவேடு பேணுவதற்கும் அதனினும் விரைவான பொறி தேவைப்படவுமில்லை. ஆயினும் 2021 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் 11 அதனை ஏற்காது. புதிய முறைமைக்கு 4 கிகாபைற்று நினைவகமும் 64 கிகாபைற்று சேமிப்பிடமும் போதும்; இவை பல பழைய கணினிகளில் உண்டு. ஆனால் டீ.பி.எம். 2.0 என வழங்கப்படும் பாதுகாப்புப் பொறியமைப்பும், நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற முறைவழியாக்கியும் இருத்தல் வேண்டும். இன்ரெல் வகையைப் பொறுத்தவரை அப்பட்டியல் பெரும்பாலும் 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாந் தலைமுறையுடனேயே ஆரம்பிக்கின்றது. ஆகவே வேலை செய்யக்கூடிய பொறி, நிறுவனத்தின் விதியொன்றினாற் காலாவதியாகின்றது. இதனை மூன்றாவது வகையாக, ‘ஆணைத் தேய்மானம்’ என்று அழைக்கலாம்.

இதன் பரிமாணம் சிறிதன்று. இக்காரணத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் கழிவாகக்கூடுமெனக் கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. 2022ஆம் ஆண்டில் உலகில் உருவான இலத்திரனியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டமைக்குப் பதிவுள்ளது நாலிலொரு பங்குக்கும் குறைவு என்றும் ஐக்கிய நாடுகள் சார்ந்த ஆய்வறிக்கை தெரிவிக்கின்றது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி வறிய நாடுகளின் குப்பைமேடுகளை அடைகின்றது.

இவ்விடத்தில் ஒருதலைப்பட்சமான முடிவுக்கு வருதல் பொருந்தாது. மேற்கூறிய பாதுகாப்புப் பொறியமைப்பு வெறும் சாக்கன்று. இரகசியத் திறவுகோல்களை ஏனைய பகுதிகளிலிருந்து பிரித்துக் காப்பதால் அது மெய்யான பயன் தருவது. பழைய குறிமுறையைப் பேணுவதற்கும் மனித உழைப்பு வேண்டும். அது என்றென்றும் இலவசமாக நடைபெறுமென எதிர்பார்க்க முடியாது. எனவே பிரச்சினையின் மூலம் தொழினுட்பத்தில் இல்லை. பொறியின் ஆயுளைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதிலேயே அது தங்கியுள்ளது. மூலக் குறிமுறை நிறுவனத்தின் தனியுடைமையாக இருக்கும்வரை, திருத்தும் ஆற்றலுள்ள வேறெவரும் அதனைத் திருத்த முடியாது. பொறி நமது, அதனை இயக்கும் அறிவு நமதன்று.

இதற்குச் சான்று நிறுவனத்தின் விலைப்பட்டியலிலேயே உண்டு. விண்டோஸ் 10இற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபருடன் ஆக்கப்படாமற் போகவில்லை. பணம் செலுத்தும் அமைப்புகளுக்கு மேலும் மூன்றாண்டு வரை அவை வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது. கணினியொன்றுக்கு முதலாம் ஆண்டு 61 அமெரிக்க டொலர்; இரண்டாம் ஆண்டு அதன் இருமடங்கு, 122; மூன்றாம் ஆண்டு மீண்டும் இருமடங்கு, 244. மூன்றாண்டுக்கும் 427 டொலர். கல்வி நிறுவனங்களுக்கு இது மிகக் குறைந்த விலையில், முறையே 1, 2, 4 டொலராக, வைக்கப்பட்டது. திருத்தம் இருக்கின்றது, அது பண்டமாகிவிட்டது. ஆண்டுதோறும் இருமடங்காகும் விலை, செலவைக் காட்டுவதற்கன்றி மாறும்படி நெருக்குவதற்கே வகுக்கப்பட்டதென்பது வெளிப்படை.

3. மாறாதிருத்தலின் விலை

இவ்வாறு கூறுவதால், மாறாதிருப்பதே எதிர்ப்பின் வடிவம் என்று எவரும் கொள்ளலாகாது. 2017 மே 12ஆந் திகதி ‘வொனாகிறை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கோரும் இயல்பினது அது. அது பயன்படுத்திய குறையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் அறிந்து, உளவுக் கருவியாக இரகசியமாய் வைத்திருந்தது. அக்கருவி களவாடப்பட்டு 2017 ஏப்பிரலில் வெளியிடப்பட்டது. மைக்ரோசொப்ட் அதற்கு ஒரு மாதம் முன்னரே திருத்தம் வெளியிட்டிருந்தது.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை இதனாற் பெரிதும் பாதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் 236 மருத்துவமனை அமைப்புகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பாதிப்புற்றன. 19,000இற்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கலாமென மதிப்பிடப்பட்டது. நோயாளருக்கும் பணம் செலுத்த இயலாதோருக்கும் பெரும் புகலிடமாகவுள்ள பொதுச் சேவையே நிலைகுலைந்தது. எக்ஸ்.பி.யின் பராமரிப்பு முடிவுற்ற 2014இல், ஓராண்டு நீடிப்புக்காகப் பிரித்தானிய அரசு 55 இலட்சம் பவுண் செலுத்தியிருந்தது. அந்த ஓராண்டுக்குப் பின்னர் உடன்பாடு தொடரப்படவில்லை. அவகாசத்தை விலைகொடுத்து வாங்கி, அந்த அவகாசத்திற் செய்யவேண்டியதை முழுமையாகச் செய்யாதுவிட்டமைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஆனால் இந்நிகழ்ச்சியிற் பலராலும் கவனிக்கப்படாத செய்தியொன்றுண்டு. சுகாதார சேவையிற் பாதிப்புற்ற கணினிகளுட் பெரும்பாலானவை எக்ஸ்.பி. கணினிகள் அல்ல, அன்று பராமரிப்பில் இருந்த விண்டோஸ் 7 கணினிகளே. திருத்தம் கையிலிருந்தது, அதனை இடுவதற்கு ஆளும் ஒழுங்கும் இருக்கவில்லை. புதிய முறைமையை வாங்குவதாற் பாதுகாப்பு வந்துவிடாது என்பதும், பராமரிப்பென்னும் நாளாந்த உழைப்பே பாதுகாப்பு என்பதும் இதனாற் புலனாகின்றன.

மறுதலையான அனுபவமும் உண்டு. 2024 யூலை 19ஆந் திகதி, கிறவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான இற்றைப்படுத்தலொன்று ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரேநாளிற் செயலிழக்கச் செய்தது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. எல்லாக் கணினிகளையும் ஒரேவேளையில் மாற்றுவது, பிழையையும் ஒரேவேளையிற் பெருக்குவதாகும். தாமதம் ஆபத்தாவது போலப் பரீட்சித்துப் பாராத விரைவும் ஆபத்தே.

4. மியூனிச் நகரின் அனுபவம்

இவ்வட்டத்திலிருந்து வெளியேற முடியாதா என்னும் வினா இயல்பாக எழும். அதற்கு விடைகாண முயன்றோருள் ஜேர்மனியின் மியூனிச் நகரசபை குறிப்பிடத்தக்கது. விண்டோஸ் என்.ரி. 4.0 முறைமையின் பராமரிப்பு முடிவை நெருங்கிய வேளையில், 2003 மே மாதம், அச்சபை தனது கணினிகளைத் திறந்த மூல முறைமையான லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தது. அதனைத் தடுப்பதற்காக மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைமை அதிகாரி நேரிற் சென்று நகரபிதாவைச் சந்தித்தார் என்பது, ஒரு நகரசபையின் தீர்மானம் எத்தகைய அரசியற் பொருளாதார முக்கியத்துவம் பெற்றதென்பதைக் காட்டும். ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பின் பின், 2013இல், சுமார் 15,000 கணினிகள் மாற்றப்பட்டிருந்தன.

ஆயினும் 2017இல் அதே சபை மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. சபையின் அரசியற் தலைமை மாறியிருந்தது. சிறப்புத் துறைகளுக்கான மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டிருந்தன. வெளியமைப்புகளுடன் ஆவணப் பரிமாற்றம் இடர்தந்தது. நகரசபையின் கணினிப் பிரிவுகளிடையே ஒருங்கிணைப்புக் குன்றியிருந்தது. பின்னர் 2020இல் ஆட்சிக் கூட்டணி மாறியபோது, இயன்றவிடத்துத் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை என்னும் கொள்கை மீண்டும் ஏற்கப்பட்டது. லினக்ஸ் தோற்றது என்றோ வென்றது என்றோ இதனைச் சுருக்குவோர் வரலாற்றைக் கறுப்பு வெள்ளையாகக் காண்பவராவர். சூழவுள்ள உலகம் பழைய உறவுகளில் இயங்கும்போது ஒரு தீவு மட்டும் மாறிநிற்பதன் இடர்ப்பாடே இங்கு புலப்படுவது.

இதனோடு பிரெஞ்சு ஜென்டாமரிப் படையின் அனுபவத்தை ஒப்புநோக்குதல் பயன்தரும். அப்படை 2005இல் முதலில் அலுவலக மென்பொருளை மட்டும் திறந்த மூலத்துக்கு மாற்றியது. அடுத்து உலாவியும் அஞ்சல் மென்பொருளும் மாறின. 2008 தொடக்கமே பணிசெயல் முறைமை லினக்ஸாக மாற்றப்பட்டது. அதற்குள் ஊழியர் தாம் நாள்தோறும் கையாளும் மென்பொருள்களுக்குப் பழகியிருந்தனர். அடித்தளம் மாறியபோது அவர்களின் மேசையில் அதிகம் மாறவில்லை. 2024இல் ஜேர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 கணினிகளுக்கு அறிவித்த திட்டமும், லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருளை முதலிலும் லினக்ஸைப் பின்னரும் வைத்தது. ஆவண வடிவங்களை விடுவித்த பின்னரே பொறியை விடுவிக்கலாம் என்பது இவற்றாற் பெறப்படும் பாடம்.

இத்தகைய ஆற்றல் மேலைநாடுகளுக்கே உரியதென்று எண்ணவேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையை அடுத்து, இடர்முகாமைத்துவத்துக்கான ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருள் இலங்கையிலேயே ஆக்கப்பட்டது. பின்னர் அது பிறநாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. எனினும் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். திறந்த மூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்பது, அதற்கு உழைப்பு வேண்டாம் என்பதன்று. பராமரிக்க ஒருவர் இல்லாத அலுவலகத்தில் லினக்ஸும் சில ஆண்டுகளிற் பராமரிப்பற்ற முறைமையே.

5. தமிழ்க் கோப்புகளின் நிலை

நமது அலுவலகங்களைப் பொறுத்தவரை இவையனைத்தினும் கூர்மையான பிரச்சினையொன்றுண்டு. ஆண்டுக்கணக்காக நமது கடிதங்களும் கூட்ட அறிக்கைகளும் பதிவேடுகளும் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களிலே தட்டெழுதப்பட்டு வந்தன. இவ்வெழுத்துருக்கள் செய்வது யாதெனில், ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் எழுத்துக்களின் உருவங்களை வைப்பதாகும். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டெழுதினால், கணினி தன்னகத்தே பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு இருக்கும்வரை நம் கண்ணுக்கு அது தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவை.

யூனிகோட் முறையோ தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி இடம் ஒதுக்குகின்றது. 1991இல் வெளிவந்த அதன் முதலாம் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசொப்ட் முறைமைகள் தமிழ் யூனிகோட்டை ஆதரித்து வருகின்றன. ஆயினும் பழகிய விசைப்பலகையும், பழைய கோப்புகளும், அச்சகங்களின் வழக்கமும் பாமினியை இன்றுவரை நிலைக்கச் செய்துள்ளன.

இக்கட்டுரையாளர் அறிந்த ஓர் அலுவலகத்தில், பழைய கணினிகளை அகற்றிப் புதியவை வைக்கப்பட்டன. கோப்புகள் யாவும் கவனமாகப் பிரதிசெய்யப்பட்டிருந்தன. எழுத்துருவை மட்டும் எவரும் நினைக்கவில்லை. மறுநாள் பத்தாண்டுக் கூட்ட அறிக்கைகளைத் திறந்த எழுதுவினைஞர், அவை பழுதடைந்துவிட்டன என்று எண்ணிச் சிலவற்றை அழித்துவிட்டார். அப்பிழை அவருடையதன்று. மாற்றம் பற்றிய எந்தக் கலந்துரையாடலுக்கும் அவர் அழைக்கப்பட்டிருக்கவில்லை. அக்கோப்புகள் எவ்வெழுத்துருவில் உள்ளன என்பதை அறிந்திருந்தவரோ அவரொருவரே.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறு இங்கு நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. ஓலை சிதையுமுன் பெயர்த்தெழுதப்பட்ட நூல்களே எஞ்சின. கலித்தொகையை 1887இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், செல்லரித்த ஏடுகளிலிருந்து அச்சுக்கு நூல்களை ஏற்றியதனாலேயே அவை நமக்குக் கிடைத்தன. சாதனம் மாறும் ஒவ்வொரு காலகட்டத்திலும், எது அடுத்த சாதனத்துக்கு ஏற்றப்படுகின்றது, எது கைவிடப்படுகின்றது என்பது ஒரு சமூகத்தின் நினைவைத் தீர்மானிக்கின்றது. ஒரு பாடசாலையின் வரவுப் பதிவேடும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலும், இடம்பெயர்ந்தோரின் காணி விபரமும் இலக்கியம் ஆகாமலிருக்கலாம். சாதாரண மக்களின் வாழ்வுக்கு அவையே ஆதாரம். பணிசெயல் முறைமை மாறும் வேளை, இவற்றை யூனிகோட்டுக்கு மாற்றுவதற்கு வாய்த்த வேளையுமாகும்.

6. தீர்மானிக்கும் முறை

மேற்கூறியவற்றினின்றும் நடைமுறைக்குரிய சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, ‘நமது கணினிகளை மாற்றுவதா?’ என்று பொதுப்பட வினவுவதே பிழை. கணினிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் வயது, முறைவழியாக்கி, அதிற் செய்யப்படும் வேலை, அதனோடு இணைந்த அச்சுப்பொறி, அதிலுள்ள கோப்புகள், அது இணையத்துடன் தொடர்புடையதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். பத்துக் கணினிகள் உள்ள அலுவலகத்தில் இது ஒருநாள் வேலை. இப்பட்டியலின்றிச் செய்யப்படும் எந்தக் கொள்வனவும் குருட்டுத்தனமானது.

இரண்டாவதாக, பட்டியல் தயாரானதும் கணினிகள் மூவகையாகப் பிரியும். விண்டோஸ் 11ஐ ஏற்கக்கூடியவற்றை மாற்றிவிடுவதே தகும். முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10இலிருந்து அதற்குச் செல்லக் கட்டணமில்லை. அங்கே தாமதிப்பதற்குக் காரணமுமில்லை. ஏற்காதவையாய், கடிதம், அஞ்சல், இணையம் ஆகிய பொது வேலைகளுக்கு மட்டும் பயன்படுபவை லினக்ஸுக்கு உரியவை; அவற்றைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. ஏற்காதவையாயும், குறிப்பிட்ட மென்பொருளொன்றை அல்லது சாதனமொன்றை விட்டு நீங்க முடியாதனவாயும் இருப்பவையே மெய்யான சிக்கல். விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வெளிவருகின்றது. 16 பிட் காலத்தில் எழுதப்பட்ட பழைய கணக்கு மென்பொருள்கள் அதில் நேரே இயங்கா. பல படிகளை ஒருங்கே அச்சிடும் பழைய டொட் மற்றிக்ஸ் அச்சுப்பொறிகளும் இடர்தரலாம். இத்தகைய கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக வலையமைப்பிலிருந்தும் பிரித்துத் தனியே வைக்கலாம். பிரிக்க முடியாவிடின் கட்டண நீடிப்பைப் பெறலாம். ஆனால் நீடிப்பு தீர்வன்று, அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் என்ன செய்யப்படும், யார் செய்வார், எப்போது முடியும் என்பதை எழுதிவைக்காத அலுவலகம் அப்பணத்தை வீணாக்குகின்றது. தகுதியற்ற கணினியிற் குறுக்குவழியால் விண்டோஸ் 11ஐ ஏற்றுவோரும் உளர். அதற்குத் தொடர்ந்து திருத்தங்கள் கிடைக்குமென்ற உத்தரவாதம் இல்லாமையால், எதற்காக மாறுகின்றோமோ அந்நோக்கமே அங்கு தோற்றுப்போகின்றது. உரிமம் பெறாத பிரதிகளைப் பற்றியும் இதனையே கூறவேண்டும். தனியுடைமை மென்பொருளைக் களவாகப் பயன்படுத்துவது அதன் ஆதிக்கத்தைக் குறைப்பதில்லை. அதற்கே நம்மைப் பழக்குகின்றது.

மூன்றாவதாக, மாற்றத்தை ஒழுங்குபடச் செய்தல் வேண்டும். முதலிற் காப்புப் பிரதி. அப்பிரதி திறக்கின்றதா என்று வேறொரு கணினியிற் பார்த்த பின்னரே அடுத்த படி. அதன்பின் ஒரேயொரு கணினியை மாற்றி, சில வாரங்கள் உண்மையான வேலையைச் செய்து பார்த்தல் வேண்டும். எழுத்துரு, அச்சுப்பொறி, கணக்கு மென்பொருள், விசைப்பலகை என்பன அதிற் பரீட்சிக்கப்படல் வேண்டும். பின்னரே ஏனையவை, சிலசிலவாக. ஆண்டிறுதிக் கணக்குகள் முடிக்கப்படும் டிசம்பரில் இதனைத் தொடங்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

நான்காவதாக, கணினியின் முன் இருந்து வேலை செய்பவர் தீர்மானத்திற் பங்குகொள்ளல் வேண்டும். கொள்வனவுக் கணக்கிலே கணினியின் விலை இருக்கும். உரிமத்தின் விலை இருக்கும். தட்டெழுத்தாளரும் எழுதுவினைஞரும் புதியதைப் பழகச் செலவிடும் நேரம் அதில் இராது. இடம்மாறிய பொத்தான்களைத் தேடும் நிமிடங்கள், மதிய உணவு வேளையிலும் மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் அவர்களிடமிருந்தே பெறப்படுகின்றன. பயிற்சிக்கென வேலைநேரத்தை ஒதுக்காத மேம்படுத்தல், அதன் செலவை ஊதியமற்ற உழைப்பாக ஊழியர்மீது சுமத்துகின்றது. வேலைநாளின் நீட்சி பற்றி மார்க்ஸ் கூறியது ஆலைகளுக்கு மட்டும் உரியதன்று.

இறுதியாக, ஆவணங்களைத் திறந்த வடிவங்களிலும் யூனிகோட்டிலும் பேணுதல் வேண்டும். இன்று எம்முறைமையை நாம் தெரிவுசெய்தாலும், ஏறத்தாழப் பத்தாண்டின் பின் அதுவும் காலாவதியாகும். அன்று நமது கோப்புகள் எந்த முறைமையிலும் திறக்கக்கூடியனவாக இருந்தால், மாறுவதா விடுவதா என்பதை நாம் தீர்மானிப்போம். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கக்கூடியனவாக இருந்தால், அதனை அந்நிறுவனம் தீர்மானிக்கும்.

தொழினுட்பம் தன்போக்கில் முன்னேறுகின்றது, நாம் அதன்பின் ஓடவேண்டும் என்பது ஒருவகை விதிவாதம். தொழினுட்பத்தைப் புறக்கணித்துப் பழையதைக் கட்டிக்கொண்டிருப்பது அவ்விதிவாதத்தின் மறுபக்கம். உற்பத்திச் சாதனங்களின் மீது உழைப்பவர்க்கு ஆதிக்கம் வேண்டுமெனக் கூறுவோர், தமது மேசையிலுள்ள சாதனத்திலிருந்தே அதனைத் தொடங்கலாம். ஒரு சிறிய அலுவலகம் உலகச் சந்தையின் விதிகளை மாற்றிவிட முடியாது. ஆனால் தன் கணினிகளைத் தானே கணக்கெடுக்கவும், தன் ஏடுகளைத் தானே பெயர்த்தெழுதவும், தன் ஊழியரை அழைத்துவைத்துக் கலந்துபேசவும் அதனால் முடியும். 2025 ஒக்டோபர் கடந்த பின்னரும் இன்னும் அதனைச் செய்யாத அலுவலகங்கள் நம்மிடையே உள. அவை முதலிற் செய்யவேண்டியது புதிய கணினிக்கு விலைமனுக் கோருவதன்று. எழுதுவினைஞரை அழைத்து, அந்த ஒரு தாளை எழுதத் தொடங்குவதே.